மடிப்பு கலைந்த புரதங்கள்

"உங்கள் பெயர் என்ன?"

"அகுஸ்ட."

"குடும்பப் பெயர்?"

"அகுஸ்ட."

"உங்கள் கணவர் பெயர்?"

"அகுஸ்ட என்றுதான் நினைக்கிறேன்."

1901 நவம்பரில், ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகர மனநல மருத்துவமனையில் ஒரு மருத்துவர் குறித்துவைத்த உரையாடல் இது. எதிரே இருந்த அகுஸ்ட டேட்டருக்கு அப்போது வயது 51தான். மதியம் அவர் காலிஃபிளவரும் பன்றி இறைச்சியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்குக் கீரை என்றார். பெயரை எழுதச் சொன்னால் முதல் சொல்லை எழுதியதுமே மற்றது மறந்துவிடும். ஒவ்வொரு சொல்லாக எடுத்துக்கொடுக்க வேண்டியிருந்தது.

1906 ஏப்ரலில் அவர் இறந்தார். மருத்துவர் அதற்குள் மியூனிக்குக்கு மாறிப் போயிருந்தார். ஆனாலும் அந்த மூளையைக் கேட்டு வரவழைத்து, மெல்லிய சீவல்களாக அறுத்து, வெள்ளி உப்பால் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தார். நரம்புச் செல்களுக்கு வெளியே திட்டுத் திட்டாக ஏதோ படிந்திருந்தது. செல்களுக்கு உள்ளே, நூலில் சிக்கு விழுந்தாற்போல இழைகள் முறுக்கிக் கிடந்தன. சில இடங்களில் செல்லே அழிந்துபோய், அது இருந்த இடத்தில் சிக்கு மட்டும் மிச்சமிருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசினார். கேட்டவர்கள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அந்த மருத்துவரின் பெயர் அலோய்ஸ் அல்சைமர்.

அந்தத் திட்டும் சிக்கும் எதனால் ஆனவை என்று தெரிய இன்னும் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1984இல் ஜார்ஜ் க்ளெனர், மூளையைச் சுற்றியுள்ள ரத்தக் குழாய்களில் படிந்திருந்ததைப் பிரித்தெடுத்து, அது ஒரு சின்னப் புரதத் துண்டு என்று காட்டினார். மூளைக்குள் இருக்கும் திட்டுகளும் அதே துண்டால் ஆனவைதான் என்பது அடுத்த ஆண்டே தெரிந்துவிட்டது. அதைத்தான் அமிலாய்டு பீட்டா என்கிறோம். செல்லுக்குள் கிடந்த சிக்கு வேறொரு புரதம், பெயர் டாவ்.

பார்க்கின்சன் நோயில் சேர்வது ஆல்ஃபா சைனூக்ளின். பரம்பரையாக வரும் ஹன்டிங்டன் என்ற மூளை நோயில் ஹன்டிங்டின். தசைகளை ஒவ்வொன்றாக முடக்கும் ஏ.எல்.எஸ். நோயில் பெரும்பாலும் டிடிபி-43. நோய்கள் வேறு, தாக்கும் இடங்கள் வேறு, புரதங்களும் வேறு. கதை மட்டும் ஏறக்குறைய ஒன்றே. ஒழுங்காக வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு புரதம் உருமாறி, ஒன்றோடொன்று ஒட்டி, கரையாமல் சேர்கிறது. அது சேர்ந்த பகுதியில் நரம்புச் செல்கள் மெல்ல மெல்லச் செத்துப்போகின்றன.

இதை "மூளையில் குப்பை சேர்கிறது" என்று விளக்குவது வழக்கம். நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஆரம்பிப்பதற்கு நல்ல உவமைதான். கொஞ்ச தூரம் போனதும் மூன்று இடங்களில் அது நம்மைக் கைவிட்டுவிடும். அந்த மூன்று இடங்களும்தான் இந்த விஷயத்தின் சுவாரசியமே.

சரமும் மடிப்பும்

புரதம் என்றதும் சாப்பாட்டுச் சத்துதான் நினைவுக்கு வரும். அந்த அர்த்தத்தைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைப்போம். செல்லுக்குள் நடக்கும் வேலைகளைச் செய்யும் கருவிகள் பெரும்பாலும் புரதங்கள்தான். சரக்கைச் சுமப்பது, கதவைத் திறப்பது, செய்தியைக் கடத்துவது, பழுதானதைச் சரிசெய்வது, ஏன், பழைய புரதத்தை உடைத்துப் போடுவதும் இன்னொரு புரதமே. மனித மரபணுத் தொகுப்பில் புரதங்களுக்கான மரபணுக்கள் மட்டும் சுமார் 20,000 இருக்கின்றன.

எந்தப் புரதமும் பிறக்கும்போது ஒரு சரம்தான். 20 வகை அமினோ அமிலங்களை மணிகளாக வைத்து, குறிப்பிட்ட வரிசையில் கோத்த சரம். ஆல்ஃபா சைனூக்ளினில் 140 மணிகள். ஹன்டிங்டினில் மூவாயிரத்துக்கும் மேல். சரமாகக் கிடக்கும்வரை பெரும்பாலான புரதங்களால் எந்த வேலையும் செய்ய முடியாது. சுருண்டு, மடிந்து, தனக்குரிய வடிவத்துக்கு வந்த பிறகுதான் அது கருவி ஆகிறது. ஒரே தாளை ஒரு விதமாக மடித்தால் கப்பல், வேறு விதமாக மடித்தால் கடித உறை. இரண்டும் தாள்தான், மிதப்பது ஒன்றுதான்.

சரி, இதை யார் மடிக்கிறார்கள்? அமெரிக்க வேதியியலாளர் கிறிஸ்டியன் அன்ஃபின்சென் ரைபோநியூக்ளியேஸ் என்ற புரதத்தை எடுத்து, ரசாயனங்களைச் சேர்த்து அதன் மடிப்பையெல்லாம் கலைத்துவிட்டார். அது வேலையை நிறுத்திவிட்டது. அப்புறம் அந்த ரசாயனங்களை நீக்கினார். யாரும் கை வைக்காமலே புரதம் மறுபடி பழைய வடிவத்துக்கு மடிந்து வேலையைத் தொடங்கியது. எப்படி மடிய வேண்டும் என்ற தகவல் சரத்தில் மணிகள் இருக்கும் வரிசையிலேயே ஒளிந்திருக்கிறது என்பது அதனால் தெரிந்தது. 1972இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

மடிய வைப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். சில மணிகளுக்குத் தண்ணீர் பிடிக்கும், சிலவற்றுக்கு எண்ணெயைப் போலத் தண்ணீரே ஆகாது. செல்லுக்குள் எங்கும் தண்ணீர். ஆகவே தண்ணீர் ஆகாத மணிகள் உள்ளே போய் ஒளிந்துகொள்ள, மற்றவை வெளிப்பக்கம் வருகின்றன. மடிப்பு தவறினால் உள்ளே இருக்க வேண்டியவை வெளியே தெரிகின்றன. பக்கத்தில் அதேபோல மடிப்பு தவறிய இன்னொரு புரதம் வந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். நமக்குப் பழக்கமான காட்சி ஒன்று இதற்கு உண்டு. முட்டையின் வெள்ளைக்கரு வெப்பம் பட்டதும் வெளுத்துக் கெட்டியாகிறதே, அது மடிப்பு கலைந்த புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதுதான். எத்தனை ஆற வைத்தாலும் அது பழையபடி தெளிவான நீர்மமாகாது.

ஒரு திருத்தத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். டாவும் ஆல்ஃபா சைனூக்ளினும் இந்தப் பாடத்துக்கு முழுதாக அடங்காதவை. அவற்றுக்கு இறுக்கமான நிரந்தர மடிப்பு கிடையாது. இயல்பிலேயே தளதளவென்று இருந்துகொண்டு, தேவைப்படும் இடத்தில் தேவைப்படும் வடிவம் எடுப்பவை. அந்த நெகிழ்வுதான் அவற்றின் பலம். தப்பான வடிவத்துக்குள் போய் மாட்டிக்கொள்ள வழி விடுவதும் அதே நெகிழ்வுதான்.

துப்புரவுப் பிரிவு

அன்ஃபின்சென் சோதனைக் குழாயில் ஒரே ஒரு புரதம்தான் இருந்தது. செல்லுக்குள் அப்படி இல்லை. திருவிழாக் கூட்டம் மாதிரி புரதங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். அந்த நெரிசலில் புதிதாகப் பிறந்த சரம் மடிந்து முடிப்பதற்குள் யாருடனாவது ஒட்டிக்கொள்ளும் அபாயம் எப்போதும் உண்டு. அதனால் சாப்பரோன் என்ற காவல் புரதங்கள் கூடவே நிற்கின்றன. ஒட்டும் பகுதிகளைப் பொத்திப் பிடித்து, மடிவதற்கு நேரம் கொடுத்து, தவறினால் பிரித்து மறுபடி முயலவும் வைக்கின்றன.

அதற்கும் சரிப்படாத புரதத்தின்மேல் யுபிக்விட்டின் என்ற சின்ன அடையாளச் சீட்டு ஒட்டப்படும். அந்தச் சீட்டோடு போனால் புரோட்டியசோம் என்ற பீப்பாய் வடிவ இயந்திரம் உள்ளே இழுத்துத் துண்டு துண்டாக்கிவிடும். இதைக் கண்டறிந்தவர்களுக்கு 2004இல் வேதியியல் நோபல். பீப்பாயின் வாய் குறுகல். ஒன்றாகத் திரண்டுவிட்ட பெரிய கட்டிகள் அதில் நுழையாது. அவற்றுக்கு வேறு ஏற்பாடு: செல் ஒரு சவ்வுப் பையை விரித்து, கட்டியை அப்படியே பொதிந்து, லைசோசோம் என்ற அமிலப் பையில் கொண்டுபோய்க் கொட்டிக் கரைத்துவிடும். தன்னையே தின்பது என்ற பொருளில் இதற்கு ஆட்டோஃபேஜி என்று பெயர். 2016இல் யோஷினோரி ஓசுமிக்கு நோபல் கிடைத்தது இதற்குத்தான்.

இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2006இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சுண்டெலிகளின் நரம்புச் செல்களில் மட்டும் ஆட்டோஃபேஜியை நிறுத்திப் பார்த்தார்கள். அந்த எலிகளில் நோய் தரும் புரதம் எதையும் புகுத்தவில்லை. ஆனாலும் செல்களுக்குள் புரதக் கட்டிகள் சேர்ந்தன, எலிகள் நடை தடுமாறின, நரம்புச் செல்கள் செத்தன. இந்தச் சோதனை எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. கெட்ட புரதம் ஒன்று வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. அன்றாடம் தவறுவதை அன்றாடம் அள்ளாமல் விட்டாலே போதும்.

நரம்புச் செல்கள் மட்டும் ஏன் இவ்வளவு பாதிக்கப்படுகின்றன என்பதற்கான பதிலும் இங்கேதான் இருக்கிறது. தோல் செல்லோ குடல் செல்லோ அடிக்கடி பிரிந்து பெருகும். ஒவ்வொரு பிரிவிலும் உள்ளே சேர்ந்த கசடு இரண்டாகப் பங்குபோய் நீர்த்துவிடும். நரம்புச் செல் அப்படிப் பிரிவதில்லை. நாம் பிறந்தபோது இருந்தவற்றில் பெரும்பாலானவைதான் எண்பது வயதிலும் நமக்கு மிச்சம். போதாக்குறைக்கு அதன் வடிவம். முதுகுத் தண்டிலிருந்து பாதம்வரை போகும் ஒரு நரம்பிழையின் நீளம் கிட்டத்தட்ட 1 மீட்டர். கடைக்கோடியில் கெட்டுப்போன புரதத்தைக் கழிப்பதற்கு அவ்வளவு தூரம் சுமந்து வர வேண்டும். உடல் எடையில் சுமார் 2 சதவீதமே இருக்கும் மூளை, உடலின் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தைச் செலவழிக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே எந்த நேரமும் வேலை, எந்த நேரமும் தேய்மானம். வயது ஏற ஏற சாப்பரோன்களும் புரோட்டியசோமும் தளர்கின்றன. இந்த நோய்கள் பெரும்பாலும் முதுமையில் தலைகாட்டுவது தற்செயல் இல்லை.

ஒன்று சேர்வது எப்படி

தவறாக மடிந்த இரண்டு மூன்று புரதங்கள் ஒட்டிக்கொள்வது முதல் படி. சிலவோ, சில பத்தோ புரதங்கள் சேர்ந்த இந்தச் சிறு கும்பலுக்கு ஆலிகோமர் என்று பெயர். இவை இன்னும் கரைந்த நிலையில்தான் இருக்கும், அங்கங்கே மிதந்து போகும். அடுத்த படியில் புரதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஏணிப் படிகளைப்போல வரிசையாக அடுக்கிக்கொண்டு நீண்ட இழையாகின்றன. ஒரு படிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் இருபது லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். ஜிப் போட்டதுபோல இறுகிவிடும். இப்படிப்பட்ட இழைக்குத்தான் அமிலாய்டு என்ற பெயர்.

அந்தப் பெயரே ஒரு தவறில் பிறந்தது. 1854இல் ருடால்ஃப் ஃபிர்கோ உடல் திசுக்களில் இருந்த ஒரு படிவின்மேல் அயோடின் விட்டுப் பார்த்தார். மாவுப்பொருளைப் போல நிறம் மாறியது. மாவுப்பொருளுக்கு லத்தீனில் அமைலும் (amylum), ஆகவே அமிலாய்டு, அதாவது மாவு மாதிரி என்று பெயர் வைத்துவிட்டார். ஐந்தே ஆண்டுகளில் அதில் மாவே இல்லை, புரதம்தான் என்று மற்றவர்கள் காட்டிவிட்டார்கள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அந்த இழைகளைப் போலவே.

இதில் கவனிக்க வேண்டியது வேகம். அடர்த்தியான உப்புக் கரைசலை அசைக்காமல் வைத்தால் வெகு நேரம் ஒன்றுமே நடக்காது. ஒரு சின்னப் படிகத்தை உள்ளே போட்டால் அதைப் பிடித்துக்கொண்டு மடமடவென்று படிகம் வளரும். புரதங்களும் அப்படித்தான். முதல் கும்பல் உருவாவதுதான் கடினம், அதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகலாம். ஒன்று உருவாகிவிட்டால் அதன் நுனி அச்சாகிவிடுகிறது. பக்கத்தில் வரும் நல்ல புரதத்தையும் தன் வடிவத்துக்கு வளைத்து இணைத்துக்கொள்கிறது. இழை உடைந்தால் இரண்டு துண்டு, நான்கு நுனி.

குப்பை உவமை முதலில் கைவிடும் இடம் இதுதான். குப்பை பக்கத்தில் இருக்கும் நல்ல பொருளைக் குப்பையாக்காது. இது ஆக்குகிறது.

இந்த அச்சுத் தன்மையின் உச்சம் பிரியான் நோய்கள். பப்புவா நியூ கினியின் ஃபோரே மக்களிடம் குரு என்ற மூளை நோய் பரவியது. இறந்த உறவினரின் உடலை உண்ணும் சடங்கின் வழியாகப் பரவியது என்று தெரிந்து, சடங்கு நின்றதும் நோயும் தேய்ந்து மறைந்தது. கிருமியைத் தேடினால் கிருமி அகப்படவில்லை. 1982இல் ஸ்டான்லி புரூசினர், இப்படிப்பட்ட நோய்களைப் பரப்புவது வெறும் புரதம்தான் என்று சொல்லி அதற்குப் பிரியான் என்று பெயரிட்டபோது கேலி செய்தவர்கள் அதிகம். மரபணு இல்லாத ஒன்று எப்படித் தொற்றும்? 1997இல் அவருக்கே நோபல் கிடைத்தது.

அல்சைமரும் பார்க்கின்சனும் அப்படித் தொற்றும் நோய்களா என்ற பயம் வரலாம். நோயாளியைக் கவனித்துக்கொள்வதாலோ கூட இருப்பதாலோ அவை தொற்றுவதில்லை. ஆனால் ஒரே மூளைக்குள், ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்கு அந்தத் தப்பான வடிவம் பரவுகிறது என்பதற்கு வலுவான சான்று உண்டு. பார்க்கின்சன் நோயாளிகள் சிலருக்குக் கருவிலிருந்து எடுத்த இளம் நரம்புச் செல்களை மூளையில் பொருத்தியிருந்தார்கள். பத்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து அவர்கள் இறந்தபின் பரிசோதித்த முடிவுகள் 2008இல் வெளிவந்தன. வேறொருவரிடமிருந்து வந்த, வயதில் மிக இளைய அந்தச் செல்கள் சிலவற்றிலும் பார்க்கின்சனின் அடையாளமான புரத உருண்டைகள் இருந்தன.

எந்த இடம், எந்த நோய்

எந்தப் புரதம் எங்கே சேர்கிறது என்பதைப் பொறுத்தே அறிகுறி. டாவ் சிக்குகள் முதலில் தோன்றும் இடங்களில் ஒன்று நினைவை உருவாக்கும் ஹிப்போகாம்பஸுக்கு வாசலாக இருக்கும் பகுதி. அங்கிருந்து ஹிப்போகாம்பஸுக்கும், பிறகு மூளையின் மேற்புறணிக்கும் படிப்படியாக நகர்வதை ஹைகோ பிராக், ஈவா பிராக் தம்பதி 1991இல் வரைந்து காட்டினார்கள். அல்சைமரில் நேற்று நடந்தது முதலில் மறந்து, மொழியும் வழியும் பிறகு தடுமாறுவதற்கு இந்தப் பயணப் பாதையே காரணம்.

டாவுக்கு இயல்பான வேலை என்ன என்று தெரிந்தால் அதன் சேதமும் புரியும். நரம்பிழைக்குள் சரக்குப் போக்குவரத்துக்கு நுண்குழல்கள் என்ற தண்டவாளங்கள் ஓடுகின்றன. டாவ் அவற்றைத் தாங்கிப் பிடித்து நிலையாக வைத்திருக்கிறது. அல்சைமரில் டாவின்மேல் பாஸ்ஃபேட் துணுக்குகள் அளவுக்கு மீறி ஒட்டிக்கொள்ள, அது தண்டவாளத்தை விட்டுக் கழன்று, தனக்குள் முறுக்கிக்கொள்கிறது.

அமிலாய்டு பீட்டா பிறக்கும் கதை வேறு. நரம்புச் செல்லின் சவ்வில் ஏ.பி.பி. என்ற பெரிய புரதம் செருகி நிற்கிறது. பீட்டா, காமா என்ற இரண்டு கத்தரிகள் அதை இரண்டு இடங்களில் வெட்டினால் விழும் துண்டுதான் அமிலாய்டு பீட்டா. இந்த வெட்டு எல்லோருடைய மூளையிலும் தினமும் நடக்கிறது. 40 மணி நீளத் துண்டு அவ்வளவு ஒட்டாது. 42 மணி நீளமாக விழுவது நன்றாக ஒட்டும். இரண்டே மணிதான் வித்தியாசம். ஏ.பி.பி.க்கான மரபணு 21ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அந்தக் குரோமோசோம் மூன்று இருக்கும் டவுன் நோய்க்குறி உள்ளவர்களின் மூளையில் 40 வயதுவாக்கிலேயே அமிலாய்டு படிவு காணப்படுகிறது. இதற்கு எதிர்க்கோடியில், ஐஸ்லாந்தில் சிலரிடம் இருக்கும் ஒரு மரபணு மாற்றம் பீட்டா கத்தரியின் வெட்டைக் குறைத்து, அல்சைமரிலிருந்து அவர்களைக் காக்கிறது என்று 2012இல் தெரியவந்தது. அதிகம் உற்பத்தியானால் நோய், குறைந்தால் பாதுகாப்பு. அமிலாய்டுக்கு எதிரான வழக்கில் இதைவிடப் பலமான சாட்சி இல்லை.

பார்க்கின்சனில் அடிபடுவது நடுமூளையில் கரிய நிறத்தில் தெரியும் சிறு பகுதி. உடல் அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருள் அங்கே உற்பத்தியாகிறது. அந்தச் செல்களுக்குள் உருண்டைகள் சேர்கின்றன. இதே உருண்டைகளை ஃப்ரிட்ஸ் லூயி 1912இலேயே மூளையின் வேறு பகுதிகளில் கவனித்து எழுதியிருந்தார், அதனால் அவற்றுக்கு லூயி உருண்டைகள் என்று பெயர். அவை ஆல்ஃபா சைனூக்ளினால் நிரம்பியவை என்று 1997இல் தெரிந்தது. அதே ஆண்டு, இத்தாலியக் குடும்பம் ஒன்றில் தலைமுறை தலைமுறையாக வந்த பார்க்கின்சனுக்கு அந்தப் புரதத்தின் ஒரே ஒரு மணி மாறியிருந்ததுதான் காரணம் என்பதும் வெளிவந்தது. அதைவிட எனக்கு ஆச்சரியமானது 2003இல் வந்த செய்தி. புரதத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், மரபணுவின் பிரதிகள் மட்டும் கூடியிருந்த ஒரு குடும்பம். நல்ல புரதம்தான், அளவுதான் மிஞ்சியது. அவர்களுக்கு இள வயதிலேயே கடுமையான பார்க்கின்சன்.

ஹன்டிங்டனில் கணக்கு இன்னும் கறாரானது. மரபணுவில் சி-ஏ-ஜி என்ற மூன்றெழுத்து எத்தனை முறை திரும்பத் திரும்ப வருகிறது என்பதே விதி. 26 வரை கவலையில்லை. 36 முதல் 39 வரை நோய் வரலாம், வராமலும் போகலாம். 40ஐத் தொட்டுவிட்டால், போதிய காலம் வாழ்ந்தால் வந்தே தீரும். ஒவ்வொரு சி-ஏ-ஜியும் புரதத்தில் ஒரு குளூட்டமின் மணி. அந்த மணிகளின் வரிசை நீள நீள ஒட்டும் தன்மை கூடுகிறது.

ஏ.எல்.எஸ். நோயில் சேரும் டிடிபி-43ஐப் பார்க்கும்போது குப்பை உவமை இரண்டாவது முறை கைவிடுகிறது. அந்தப் புரதம் வழக்கமாக இருப்பது செல்லின் உட்கருவில். மரபணுச் செய்திகளைத் திருத்தி ஒழுங்குசெய்வது அதன் வேலை. நோயில் அது உட்கருவை விட்டு வெளியேறி, வெளியே கட்டியாகிறது. சேதம் அந்தக் கட்டியால் மட்டும் வருவதில்லை. உள்ளே காலியாகக் கிடக்கும் நாற்காலியாலும் வருகிறது. திருத்துவதற்கு ஆளில்லாமல் பிழையோடு செய்திகள் போகின்றன, பிழையான புரதங்கள் உருவாகின்றன.

குற்றவாளி எது?

மூன்றாவது இடத்துக்கு வருவோம். குப்பை என்றால் பெரிய குவியல்தானே ஆபத்து? இங்கே அப்படித் தெரியவில்லை.

சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டீவன் ஃபிங்க்பைனரின் குழு ஒரு தானியங்கி நுண்ணோக்கி அமைத்து, ஹன்டிங்டின் புகுத்தப்பட்ட நரம்புச் செல்களைத் தனித்தனியாக, நாள்கணக்கில் பின்தொடர்ந்தது. இன்று பார்த்த அதே செல்லை நாளையும் தேடிப் பிடித்துப் படம் எடுக்கும். எந்தச் செல்லில் கட்டி உருவானது, எது செத்தது என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு. 2004இல் வெளிவந்த முடிவு எதிர்பார்ப்புக்கு நேர்மாறாக இருந்தது. பெரிய கட்டி உருவான செல்கள் அதிக நாள் பிழைத்தன. கட்டியாகாமல் புரதம் பரவலாகக் கிடந்த செல்களே அதிகம் செத்தன. ஆக அந்த உருண்டை, வெறிநாயைப் பிடித்து அடைத்த கூண்டாக இருக்கலாம். தெருவில் திரிவது ஆலிகோமர்கள்.

அல்சைமரிலும் இதே சந்தேகம் உண்டு. மூளையில் அமிலாய்டு திட்டுகள் நிறைய இருந்தும் கடைசிவரை நினைவு பிசகாமல் வாழ்ந்தவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். நினைவிழப்பின் தீவிரம் திட்டுகளின் எண்ணிக்கையைவிட டாவ் சிக்குகள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதோடுதான் அதிகம் ஒத்துப்போகிறது. அமிலாய்டு முதலில் பற்றவைக்கிறது, டாவ் எரிக்கிறது என்று பலர் கருதுகிறார்கள். என் வாசிப்பில் எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. இடையில் மைக்ரோக்ளியா என்ற மூளையின் காவல் செல்கள் வேறு. அவை படிவுகளை விழுங்க வருகின்றன, வந்த இடத்தில் வீக்கத்தைக் கிளப்பி, நரம்புச் செல்களுக்கு இடையேயான நல்ல இணைப்புகளையும் சேர்த்து மேய்ந்துவிடுகின்றன.

இந்தக் குழப்பத்தின் விலையை மருந்து ஆராய்ச்சி கட்டியிருக்கிறது. பீட்டா கத்தரியையே முடக்கும் மருந்துகள் அமிலாய்டை நன்றாகக் குறைத்தன, ஆனால் நோயாளிகளின் நினைவாற்றல் தேறவில்லை, சில சோதனைகளில் சற்று மோசமானது. அமிலாய்டைப் பிடித்து அகற்றும் எதிர்ப்புரதங்கள் பலவும் தோற்றன. கடைசியில் 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெகானெமாப், சுமார் 1,800 பேரிடம் 18 மாதம் நடந்த சோதனையில், நோய் முற்றும் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது. குணமாக்கவில்லை, நிறுத்தவுமில்லை. சிலருக்கு மூளையில் நீர்க்கோப்பும் ரத்தக் கசிவும் வந்ததால் அடிக்கடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தபடியே கொடுக்க வேண்டியிருக்கிறது. பெரிய வெற்றி என்று கொண்டாடுபவர்களும் உண்டு, குடும்பத்தார் கண்ணுக்கே தெரியாத மாற்றம் என்று உதட்டைப் பிதுக்குபவர்களும் உண்டு. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

சேர்ந்ததை அள்ளுவதைவிட, உற்பத்தியிலேயே குறைப்பது இன்னொரு வழி. ஏ.எல்.எஸ். நோயாளிகளில் ஒரு சிறு பிரிவினருக்கு எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும். அந்தப் புரதத்துக்கான செய்தியை முன்னதாகவே அழித்துவிடும் டோஃபெர்சென் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2023இல் அனுமதி கிடைத்தது. முதுகுத் தண்டு நீரில் ஊசி வழியாகச் செலுத்துகிறார்கள்.

எந்த மருந்தானாலும் சீக்கிரம் கொடுக்க வேண்டும். அல்சைமரில் முதல் மறதிக்குப் பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன்பே அமிலாய்டு சேரத் தொடங்கிவிடுகிறது. பார்க்கின்சனில் கை நடுங்கி மருத்துவரிடம் போகும்போது டோபமைன் செல்களில் பெரும்பகுதி போய்விட்டிருக்கும். ஆகவே முன்கூட்டியே கண்டுபிடிப்பதில்தான் இப்போது மும்முரம். அல்சைமருக்கு ரத்தத்தில் ஒரு வகை டாவை அளக்கும் சோதனைகள் வந்துவிட்டன.

பார்க்கின்சனுக்கு வந்திருக்கும் சோதனை, நோயின் சொந்தத் தந்திரத்தையே திருப்பி உபயோகிக்கிறது. நோயாளியின் முதுகுத் தண்டு நீரில் ஒரு துளியை எடுத்து, ஆய்வகத்தில் தயாரித்த நல்ல ஆல்ஃபா சைனூக்ளின் நிறைந்த ஒரு சின்னக் குழியில் விடுகிறார்கள். இழைகளோடு ஒட்டினால் மட்டும் ஒளிரும் ஒரு சாயமும் அதில் இருக்கும். அந்தக் குழி இருக்கும் தட்டை மணிக்கணக்கில் குலுக்குகிறார்கள். துளியில் தப்பாக மடிந்த புரதம் மிகச் சிறிதளவு இருந்தாலும் அது அச்சாகி, நல்லவற்றை இழுத்து இழையாக்கி, உடைந்து, பெருகி, குழி ஒளிரத் தொடங்கும். ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் செய்த ஆய்வு 2023இல் வெளியானது. பார்க்கின்சன் உள்ளவர்களில் 100க்கு சுமார் 88 பேரின் துளி ஒளிர்ந்தது. இன்னும் கை நடுங்காத, நடை மாறாத, மோப்ப சக்தி மட்டும் குறைந்தவர்களும் தூக்கத்தில் கனவுக்கேற்பக் கை கால் வீசுபவர்களும் ஒரு தனிப் பிரிவாக அந்த ஆய்வில் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோரின் துளியும் ஒளிர்ந்தது.